அறுபது டிகிரி

பீட்டர்மாரிட்ஸ்பர்க், நார்த்டேல், ஜூலை.
புல்லெல்லாம் உப்பு தூவினாற்போல் உறைபனி.
வேன் கதவைத் திறந்ததும்
கையுறைக்குள் விரல்கள் ஒன்றையொன்று தேடுகின்றன.
இந்தக் காற்றிலிருந்துதான்
பாத்தர் வீட்டுக்கு வெந்நீர் எடுக்க வேண்டும்.

எடுக்கலாம்.
மூன்று டிகிரிக் காற்றிலும் சூடு உண்டு,
கஞ்சன் மடியில் காசு இருக்கிற மாதிரி.
விசிறி இழுக்கும்,
கம்ப்ரஸர் பிடித்து நெருக்கும்,
நெருக்கினால் யார்தான் சூடாக மாட்டார்கள்?
ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு.
இன்றைய குளிரில் இரண்டரை என்று வையுங்கள்.

ஆனால் கோகிலாம்பாள் என்னைக் கூப்பிட்டது கணக்குக்கு அல்ல.
பூபாலனுக்கு நுரையீரலில் சளி.
ஆஸ்பத்திரியில் பதினொரு நாள்.
டாக்டர் போகிற போக்கில் கேட்டாராம்,
வீட்டில் வெந்நீர் எத்தனை டிகிரி?
மார்பைக் கேட்பார்கள், சிகரெட்டைக் கேட்பார்கள்,
இதை யார் கேட்பார்கள்.

திரையில் பார்க்கிறேன்:
42.
"யார் இறக்கினது?"
ப்ரீபெய்ட் மீட்டரை நாளுக்கு மூன்று தரம் படிக்கிறவர்
போர்வைக்குள் இருந்தபடி
ஜன்னலைப் பார்க்கிறார்.

குளிக்க இதமான சூடுதான்.
உனக்கு இதமென்றால் அதற்கும் இதம்.
குழாயின் உள்வழவழப்பில் குடும்பம் நடத்துகிற,
வாயில் நுழையாத பேர்கொண்ட ஒன்று,
ஷவர்த் துளிகளில் ஏறி உட்கார்ந்து
மூச்சோடு வீட்டுக்காரர் மாதிரி உள்ளே போகும்.

"அதனாலதானா விலோஷ்னி?"
"தெரியாது ஆன்ட்டி.
தண்ணி லேபுக்குப் போயிருக்கு. பத்து நாளாகும்."

தினசரி அறுபது வைத்தேன்.
ஞாயிறு விடியற்காலை இரண்டு மணிக்கு
அறுபத்தைந்து வரை ஏறச் சொன்னேன்.
பம்புக்கு அந்நேரம் மூச்சு வாங்கும்;
டாங்கின் வயிற்றில் கிடக்கும் பழைய காயில் தோள்கொடுக்கும்.
மின்வெட்டு அட்டவணையை விரித்து
முகூர்த்தம் பார்ப்பதுபோல் பார்த்துக் குறித்த நேரம்.
கை வெந்துவிடாமல் கலக்கிக் கொடுக்க ஒரு வால்வும்.

அப்புறம் அந்தப் பின்பக்கக் குளியலறை.
ஒன்பது மீட்டர்க் குழாய், யாரும் திறக்காதது.
பிரெனிஷா பெர்த்துக்குப் போய் நாலு வருஷம்.
கம்பியில் அவள் துவாலை மடித்தபடி.
"இதை வெட்டி மூடிடலாம் ஆன்ட்டி.
தண்ணி நின்னா அங்கதான் பெருகும்."

கோகிலாம்பாள் துவாலையை எடுத்தார்,
உதறினார்,
அதே மடிப்பில் திருப்பிப் போட்டார்.

கூடத்திலிருந்து இருமல்.
இருமலின் வாலில் ஒரு குரல்:
"வெட்டினா, பின்னாடி ஒட்ட எவ்வளவு?"
சொன்னேன்.
கொஞ்சம் கூட்டியேதான் சொன்னேன்.
"அவ்வளவா? அப்ப வெட்டாதே."

சரி, வாரம் ஒரு தரம் திறந்துவிடுங்கள்.
ஷவர்த் தலையைக் கழற்றிவிட்டு,
மெதுவாக, புகைபோல் தெறிக்காமல்,
ஜன்னல் திறந்திருக்கட்டும்.
குழாய் சுட்ட பிறகும் அஞ்சு நிமிஷம்.
அங்கிள் அந்தப் பக்கமே வரக்கூடாது.
சவ அடக்கக் கம்பெனி தந்த காலண்டரில்
ஞாயிறு ஒவ்வொன்றையும் சுழித்துக்கொண்டே போனார்,
டிசம்பர் முடிந்தும் பேனாவை வைக்க மனமில்லாமல்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன்,
பம்பு கக்கும் குளிர்காற்றுக்கு நேர் எதிரே
கறிவேப்பிலைத் தொட்டி, பாதி இலை மஞ்சள்.
தூக்கி வெயிலுக்கு மாற்றினேன்.
பில்லில் சேர்க்கவில்லை.

ஞாயிறு, இரண்டு மணி பத்து நிமிஷம்.
என் படுக்கையில் விழித்துக் கிடக்கிறேன்.
இந்நேரம் நான்கு தெரு தள்ளி
ஒரு டாங்கு ஏறிக்கொண்டிருக்கும்,
ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று.
காலையில் அந்த அம்மா மகளின் குழாயைத் திறப்பார்.
லேபிலிருந்து இன்னும் பதிலில்லை.

என் வீட்டு கீசர் எத்தனையில் இருக்கிறது?

டார்ச்சைத் தேடி எழுந்தேன்.