முப்பது பொன்

எல்லையில் மூன்று பீரங்கி நிறுத்தினால் போதும்.
சுட வேண்டாம்.
அவன் படைக்கு என் படை இரு மடங்கு என்று
அவனுடைய கணக்குக்குத் தெரிந்தால் சரி,
கேட்டதில் பாதியாவது வந்துவிடும்.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று.

ஒஸ்ட்ராவாவில் டிராம் கழுவுகிற வேலை.
இரவு பதினொன்றுக்குப் பணிமனை விட்டு வந்து
கால்விரல்களுக்கு உணர்ச்சி திரும்பும்வரை
சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து
உலகத்தை ஆள்கிறேன்.
வடக்கே தந்தச் சிம்மாசனத்து ராணி,
பொன் தீர்ந்தால் பட்டு தருவாள்,
பட்டும் தீர்ந்த ஓரிரவு
திசைகாட்டி செய்யும் ரகசியத்தையே தந்தாள்.
கிழக்கே இரட்டைத் தாடிக்காரன். உறுமுவான், கொடுப்பான்.
தெற்கே ஒரு தீவு, ஒரே நகரம்.
அதன் அரசன் பெயரை நான் படித்ததில்லை.

மூவரும் கணினி. மூவரும் எனக்குத் திறை.

கறப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது.
கஜானாவில் நூற்றுப்பத்து இருந்தால் நூறு கேள்.
பிறகு பத்துச் சுற்றுக்கு அந்தப் பக்கமே போகாதே.
பத்துச் சுற்றில் மறந்துவிடுவான்,
அவமானத்துக்கு அவனுக்குள் ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்.
பதினோராம் சுற்றில் போய் நில்,
புன்னகையோடு கதவு திறப்பான்.
மடி வற்றக் கூடாது. கன்றுக்கும் கொஞ்சம் விடு.
கன்றின் மேல் பாசத்தால் அல்ல.

இந்தச் சூத்திரத்தை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று
திராஹோமீராவுக்குத் தெரியும்.
குளிர்பெட்டிக் கதவில், காளான் வடிவக் காந்தத்துக்கு அடியில்
அவர்களுடைய கடிதம் தொங்குகிறது.
பத்தொன்பது வயதில் ஒருநாள், மழை,
டிராமில் சீட்டில்லாமல் மூன்று நிறுத்தம் போனேன்.
அபராதம் குட்டி போட்டது. குட்டி வக்கீல் வைத்துக்கொண்டது.
வக்கீல் அதை வசூல் அலுவலகத்துக்குக் கைமாற்றினார்.
இப்போது மாதாமாதம் சம்பளம் என் கைக்கு வருமுன்
அவர்கள் பங்கு போய்விடுகிறது.
மீதம் வைக்கிறார்கள்,
மறுநாளும் நான் வேலைக்குப் போகிற அளவுக்கு.
'தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று முடிகிறது கடிதம்.
அந்தத் தடத்து வண்டிகளையும் நான்தான் கழுவுகிறேன்.

இன்றிரவு, இருநூற்றுப் பதினான்காம் சுற்று.
தீவின் முன்னே கப்பல்களை நிறுத்திவிட்டுக் கேட்கப் போனேன்.
'திறை கேள்' என்கிற பொத்தான்
சாம்பல் நிறத்தில் கிடந்தது.
அழுத்தினேன். அசையவில்லை.
கஜானா: பூஜ்யம்.

இல்லாதவனிடம் கேட்க
இந்த ஆட்டத்தில் வழியே வைக்கவில்லை.
யாரோ, எங்கோ, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்குமுன்
ஒற்றை வரியில் எழுதி வைத்த தயவு.
தயவோ, சோம்பலோ.
வெகுநேரம் அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
காந்தத்துக்கு அடியில் இருக்கிற தாளில்
இப்படி ஒரு நிறம் எங்குமே இல்லை.

பிறகு, பக்கத்துப் பொத்தான்: 'பரிசளி'.
முப்பது பொன் அனுப்பினேன்.
'வெல்தாமு ஆகிய நானும் என் மக்களும் இதை மறவோம்' என்றான்.
வெல்தாமு.
ஆக அதுதான் பெயர்.

நல்ல மனதோடுதான் அனுப்பினேன், சத்தியமாக.
ஆனால் பொன் போய்ச் சேர்ந்த கணத்திலேயே
சாம்பல் கலைந்து
மேல் பொத்தான் பச்சையாய் எரிந்தது.

"யாரோட பேசிட்டிருக்கே, க்வீடோ?"
உள்ளறையிலிருந்து அவள்.
யாரோடும் இல்லை என்றேன்.
விரல் அதற்குள் போயிருந்தது.

முப்பதில் இருபத்தெட்டு வந்தது.
அதே புன்னகை, கன்னத்தில் அதே வெளிச்சம்,
கொடுத்தபோதும் எடுத்தபோதும்.

கீழே தெருவில் கடைசி டிராம்
விளக்கெல்லாம் எரிய, ஆளில்லாமல் திரும்புகிறது.
அதன் தரையில் நாளை என்ன கிடக்கும் என்று தெரியும்:
உப்புச் சேறு, சூரியகாந்தி விதைத்தோல்.
'சேமிக்காமல் வெளியேறவா?' என்று கேட்டுவிட்டுத்
திரை அப்படியே நிற்கிறது.
அதன் பின்னால்
இரண்டு பொன்னோடு வெல்தாமு.