பதினாலாவது வளைவு

சூரமங்கலம் டீக்கடையில் கேட்கிறார்கள்:
"அடி வாங்கினா தாங்குவானா உங்காளு?"
பதினோரு சண்டை.
பதினொன்றும் முதல் ரவுண்டிலேயே முடிந்தவை.
சென்றாயன் மல்லாந்து கிடந்து யாரும் பார்த்ததில்லை.
அவன் முதுகு என்ன நிறம் என்று
பாய்க்கே தெரியாது என்கிறார் மாஸ்டர்.

நான் வாயைத் திறக்கவில்லை.
பகலில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்.
சண்டை நாளில் அவன் மூலையில்
வாஸ்லின், பஞ்சு, ஐஸ், ஒரு வாளி.
கிழிந்த தோல் யாருடையதானாலும்
கைக்கு ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்தது வேறு.
அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு
இருபது கொண்டை ஊசி.
இருட்டு விலகுமுன் ஓட ஆரம்பிப்பான்.
நூற்றுப் பதினெட்டுக் கிலோ
மூச்சை இழுத்து இழுத்து ஏறுவதை
ஸ்கூட்டர் வெளிச்சத்தில் பார்த்தபடி பின்னால் போவேன்.
பதினாலாவது வளைவில் நிற்பான்.
ஒவ்வொரு தடவையும் அங்கேதான்.
கைப்பிடிச் சுவரைப் பிடித்து வாந்தி எடுப்பான்.
முதல் பஸ் வரும், கை காட்டுவான்.
இருவர் சீட்டில் ஒருவனாக உட்கார்ந்து
மேலே போய்விடுவான்.
நான் போய்ச் சேரும்போது
ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கி வைத்திருப்பான்.
"நாளைக்கு" என்பான்.
நாலு வருஷமாக அதே நாளைக்கு.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபம்.
மணமேடை இருந்த இடத்தில் கம்பிவலைக் கூண்டு.
'நல்வரவு' பலகையை யாரும் கழற்றவில்லை.
எதிராளி ரோத்தக்கிலிருந்து வந்த ஜக்பீர்.
கழுத்தே கிடையாது,
தோள் முடிந்ததும் காது.

முதல் ரவுண்டு முடிந்தது.
சண்டை முடியவில்லை.
மணி அடித்தும் சென்றாயன் நடுவிலேயே நின்றான்.
ஸ்டூல் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை,
இதுவரை அதில் உட்கார்ந்ததே இல்லை.

இரண்டாவதில் விழுந்தான்.
நாலு நிமிஷம் மேலே உட்கார்ந்து
முழங்கையால் இடித்தான் ஜக்பீர்.
அந்தச் சத்தம்
பந்திக்கூடம் வரை கேட்டிருக்கும்.
இடது புருவம் பிளந்தது.
டீக்கடைக் கேள்வி இப்போது
இரண்டாயிரம் பேர் முகத்தில் இருந்தது,
பாதிப்பேருக்கு ஆசையாகவும்.

புருவத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன்.
அடியில் எலும்பு தட்டுப்பட்டது.
"சொல்லு கம்பவுண்டர், நிறுத்தலாமா?"
என்றார் கோச் ஆரோக்கியசாமி.
துண்டு என் தோளில்தான் கிடந்தது.
சென்றாயன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.
"எத்தனாவது வளைவு?"

"பதினொன்று" என்றேன்.
பொய்.
ஊசி குத்துமுன் மாட்டின் காதில் சொல்வேனே,
அந்தக் குரலில் சொன்னேன்.
அவன் சிரித்தான்.
பல்காப்பு முழுக்க ரத்தம்.

மூன்றாவதில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை.
கட்டிப் பிடித்தான், வலையில் சாய்ந்தான்,
விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான்.
அழகே இல்லை அதில்.
மழையில் நனைந்த ஜவ்வரிசி மூட்டையை
லாரியில் ஏற்றுவது போல
தன்னைத் தானே தூக்கிக்கொண்டிருந்தான்.
கடைசி நிமிஷத்தில் ஒரு குத்து விட்டான்.
ஜக்பீரின் முழங்கால் மடங்கியது,
யோசித்தது,
நிமிர்ந்துவிட்டது.

மூன்று நடுவர்களும் ரோத்தக்காரனுக்கே கொடுத்தார்கள்.
சமையல்கட்டில் டாக்டர் ஏழு தையல் போட,
செல்போன் வெளிச்சம் நான் பிடித்தேன்.
தட்டுவடை செட் கேட்டான்.
கடிக்க முடியாமல்
பீட்ரூட்டை மட்டும் தின்றான்.

"தாங்கிட்டானே!" என்கிறது டீக்கடை.
"தோத்துட்டானே" என்கிறதும் அதே டீக்கடைதான்.

தையல் பிரித்த மறுவாரம் அடிவாரம்.
பன்னிரண்டு. பதின்மூன்று.
எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.
பதினாலில் நின்றான்.
சுவரைப் பிடித்தான், வாந்தி எடுத்தான்,
பஸ்ஸுக்குக் கை காட்டினான்.

ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்:
"எத்தனாவது?"
சொன்னேன்.
டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்தி வளைத்தார்,
கேட்டிருக்காது.