முன் அனுபவம்

விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம்:
மணற்பரப்பில் கனரக வாகனம் ஓட்டிய அனுபவம்,
ஆண்டுகளில்.
ஆறு என்று எழுதலாம்.
எழுதினால் எங்கே என்று கேட்பார்கள்.
ஒரு கோடு போட்டுவிட்டு
எட்டாவதுக்குப் போனேன்.

மேல்விஷாரத்தில் தோல் கிடங்குக்கு மேலே மாடி அறை.
ஏஜெண்ட் வாஜித் பாய்
மின்விசிறியைத் தன் பக்கமே வைத்திருந்தார்.
"எண்ணெய் வயலுன்னா தார் ரோடு இருக்கும்னு நெனைக்காத.
தண்ணி டேங்கரு. முப்பதாயிரம் லிட்டர்.
ரிக்குக்குப் போற வழி பூரா மணலு.
மணல்ல ஓட்டிக்கீறியா?"

ஆம்பூர்த் தோல் லோடு, ஆரணி அரிசி லோடு,
சித்தூர் மலைப்பாதையில் மழை ராத்திரி,
எல்லாம் சொன்னேன்,
கேட்டதைத் தவிர.

சோதனை பாலாற்றில் என்று
முன்னமே தெரிந்திருந்தால்
வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பேன்,
ஆறு அடையாளம் கண்டுகொள்ளாதபடி.

பாலத்துக்குக் கீழே நான்கு நீல டிரம்.
பின்னாலேயே போய் நடுவில் நிறுத்த வேண்டும்.
அந்த ஆற்றைப் பகலில் நான் ஓட்டியதே இல்லை.
வெளிச்சத்தில் எல்லாம் இடம் மாறிக் கிடந்தது.
சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன்.
கண்ணை இடுக்கிக்கொண்டேன்.
அதற்குப் பிறகு இடுப்பு பேசியது:
மேலே பொடி, அடியில் ஈரம், பிடிக்கும், போ.
இந்தக் கருவேலந் திட்டை நம்பாதே.
பிரேக்கைத் தொடாதே. கிளட்ச்சை மிதித்தாயோ,
அச்சு வரைக்கும் விழுங்கிவிடும்.
டிரம்மில் பெயின்ட்கூட உரசவில்லை.

வாஜித் பாய் இறங்கி வந்து
என்னைப் பார்க்காமல் தடத்தைப் பார்த்தார்.
"யாருகிட்ட கத்துக்கின?"

அமாவாசையிடம் என்றா சொல்வது?
கரையில் சீட்டியடிக்கும் பொடியன்,
அணைத்த முகப்பு விளக்கு,
முதுகுக்குப் பின்னால் மூணு யூனிட்.
"தானா வந்துச்சு, பாய்."

மூன்று நாள் வகுப்பு.
கோமளாவின் தோடு
அடகுச் சீட்டாகிச் சட்டைப்பையில் இருந்தது.
திரையில் ஒரு மண்டையோடு.
அழுகிய முட்டை நாற்றம் வந்தால்
காற்றுக்குக் குறுக்கே ஓடுங்கள் என்றார்
சென்னையிலிருந்து வந்தவர்.
எங்கள் வரிசையே சிரித்துவிட்டது.
ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, விஷாரம்:
அந்த நாற்றத்தில்தான் டிபன் பிரித்தோம்,
அந்த நாற்றத்தில்தான் பெண் பார்த்தோம்.
ஓடுவதென்றால்
பிறந்த அன்றே ஓடியிருக்க வேண்டும்.

அவர் சிரிக்கவில்லை.
"நாற்றம் இருக்கிற வரைக்கும் நீங்கள் உயிரோடு இருப்பீர்கள்.
அது நின்றுபோனால்தான்..."

கழிவுத் தொட்டிக்குள்ளிருந்து
அண்ணாந்து பார்த்துச் சொன்னான் ஏகாம்பரம்:
"இப்ப நாத்தமே இல்லடா. கயித்த விடு."
விட்டேன்.

மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக ஒரு காகிதம் பாக்கி.
இவர்மீது வழக்கு எதுவும் நிலுவையில் இல்லை
என்று காவல் நிலையம் சொல்ல வேண்டும்.
மேசைக்குப் பின்னால் ஏட்டு பலராமன்.
ஆறு வருடமாக அவர் கையை மட்டுமே தெரியும் எனக்கு:
கேபின் கதவோரம் இருட்டில் நீளும்,
மோதிர விரலில் பச்சைக் கல்,
எண்ணாமல் மூடிக்கொள்ளும்.
அதே கைதான் முத்திரையை மையில் ஒற்றியது.
முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.
தூக்கம் போதாத, சாதாரண முகம்.

"எந்த ஊருக்கு?"
"மஸ்கட்டுக்கு உள்ள தள்ளி, சார். மணலு."

ஈர முத்திரையை
இரண்டு முறை ஊதினார்.
காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு,
யாருக்கோ சொல்வதுபோல,
"அங்க லைட்டு போட்டுகினே ஓட்டலாம்"
என்றார்.