ஐந்தரை மணி நேரம் பின்னால்

எர்ணாவூர் மேம்பாலம் இறங்கினால் கண்டெய்னர் யார்டு.
சனி இரவு ஒன்பதரை.
சர்வர் பெட்டியின் திருகுகள்
உப்புக்காற்றில் துருவாகவே மாறியிருந்தன.
கழற்ற வேண்டாம் என்றேன்.
உள்ளே இருப்பதை மட்டும்தான் கொண்டுபோகிறேன்.

"எங்க?" என்றார் தேசிங்கு, இரவு வாட்ச்மேன்.
மும்பைப் பக்கம் என்கிறார்கள்.
எந்தத் தெரு, எந்தக் கட்டடம்,
நானும் பார்த்ததில்லை.
"அங்க கரண்ட் போனா?"
போகாது.
அவர் பதில் பேசாமல்
கொசுவர்த்தியைக் கொளுத்தி யுபிஎஸ் மேல் வைத்தார்.

நூற்றெண்பது ஜி.பி.
பதினான்கு வருடங்களாக உள்ளே வந்த பெட்டி, வெளியே போன பெட்டி,
சீல் எண், வண்டி எண், அபராதம்.
முப்பத்தேழு சதவீதத்தில்
பின்னால் எடுத்த டிரெய்லர் ஒன்று கம்பத்தை இடிக்க
லைன் அறுந்தது.
கேபிள் மோசஸ் லுங்கியோடு வந்தார்,
வாயில் டார்ச்சைக் கடித்து ஏணியில் நின்றார்,
தலைமுடியை விட மெல்லிய கண்ணாடி இழையை
நள்ளிரவில் ஒட்டவைத்தார்.
அவருக்குப் பின்னால் மணலிச் சுடர் எரிந்தது.
நூறு சதவீதம் வர மணி நாலு.
பெட்டியை அணைத்தேன். விசிறி
இன்னும் பத்துச் சுற்று தானாகச் சுற்றி நின்றது.

அங்கே எழுப்பினால் நீலத்திரை.
வன்தட்டைக் காணோமாம்.
அதற்குத் தெரிந்த வன்தட்டு அங்கே என்றுமே இருந்ததில்லை.
டிரைவரை மாற்றி மறுபடி எழுப்பினேன், எழுந்தது.
பழைய ஐபி முகவரியைக் கொடுத்தேன்.
ஏற்கெனவே வேறொரு அட்டையிடம் இருக்கிறது என்றது.
எந்த அட்டை? பட்டியலில் இல்லை.
மறைந்திருப்பதைக் காட்டு என்று கேட்டபின்
சாம்பல் நிறத்தில் வந்தது:
என் காலடியில், இந்த அறையில்,
உப்புப் பூத்துக் கிடக்கும் அதே அட்டை.
கூடவே போயிருக்கிறது,
முகவரியை விடாமல் பிடித்துக்கொண்டு.
நீக்கு.
உறுதியா?
உறுதி.

நாலு நாற்பதுக்கு ரோஸ்லின் முதல் கேட் பாஸ் அடித்தாள்.
வெள்ளி மதியத்திலிருந்து நிற்கும் தடா வண்டிக்கு.
சுப்பராயுடு அதை விளக்கடியில் படித்தார்.
வெளியேறிய நேரம்: சனி, 23:10.
"அய்யய்யோ மேடம், ஒரு நாள் ஹால்டிங் போச்சே.
நேத்தே கிளம்பிட்டேனா நானு?
அப்ப இங்க பல் விளக்கினு நிக்கிறது யாரு?"

ரோஸ்லின் சிரிப்பை அடக்க முடியாமல்
பிரிண்டரைப் பிடித்துக்கொண்டாள்.
காசிமேட்டில் ஏலம் தொடங்கியிருக்கும் இந்நேரம்,
என் இயந்திரத்துக்கு மட்டும் நேற்று இன்னும் முடியவில்லை.
லண்டன் கடிகாரத்தோடு விழித்திருக்கிறது,
யாரும் அதற்குச் சொல்லவில்லை.
சொன்னேன்.
லாக்கில் ஒரு வரி 23:14, அடுத்த வரி 4:44.
நடுவில் எதுவுமே நடக்கவில்லை,
மோசஸ் ஏறவில்லை, நான் கொட்டாவி விடவில்லை.
சுப்பராயுடு மட்டும்
புது பாஸை மூன்று முறை படித்துவிட்டுத்தான் ஏறினார்.

ஒரே பெயரில் இரண்டும் ஒன்றாக விழிக்கக் கூடாது.
பழைய பெட்டியின் வலைக்கம்பியை உருவி
'பதினைந்து நாள் தொடாதே' என்று டேப்பில் எழுதி ஒட்டினேன்.
தேசிங்கு அதன்மேல் வழக்கம்போல் டீ கிளாஸை வைத்தார்,
கையால் தொட்டுப் பார்த்தார்.
"சூடே இல்லியே" என்றார்,
கிளாஸை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.