திராட்சை மேலே வரும் வரை

மே ஒன்றாம் தேதி
தண்டர் பே நகரில் பனி பெய்தது.
சும்மா தூறல் இல்லை, வைப்பர் போடுகிற அளவுக்கு.
என் லாரிக்கு ஆல்டர்னேட்டர் போய்விட்டது.
உதிரி பாகம் வின்னிபெக்கிலிருந்து
நாளைக்குத்தான் வரும் என்றார் மெக்கானிக் டௌனோ,
துடைக்கத் துடைக்கக் கறுக்கிற கையைத் துடைத்தபடி.
"மோட்டலில் உட்கார்ந்து சுவரையா பார்ப்பாய்?
இன்று வப்பு. ஹாலுக்கு வா."
வப்பு என்றால்?
"வசந்தம் வந்துவிட்டது என்று கொண்டாடுவது."
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஈரக் கோட்டுகளின் வாடை, காப்பி, கொதிக்கும் எண்ணெய்,
கூரையில் முட்டிக்கொண்டு இறங்கத் தெரியாத பலூன்கள்.
சுவரில், மரம் வெட்டப் போனவர்கள்
ரம்பத்தைத் தோளில் சாய்த்து முறைக்கிறார்கள்.
அவர்களுக்குக் கீழே ஒரு சிவப்புக் கொடி,
கண்ணாடிக்குள், இஸ்திரி போட்டதுபோல்.
மே தினம் எனக்கும் தெரியும் என்றேன்:
கொடியேற்றம், மைக் டெஸ்ட், வெயில், பிளாஸ்டிக் குடத்தில் மோர்.
"அதுவும் இதில் உண்டு" என்றாள் ரைலி.
"முன்பெல்லாம் கொடிக்காரர்கள் அந்தப் பக்கம்,
கோயில்காரர்கள் இந்தப் பக்கம்.
பேச்சுவார்த்தை கிடையாது.
இப்போது முட்டி வலிக்காரர்கள் எல்லாரும்
ஹீட்டர் பக்கம்."

தட்டில் ஒன்று வைத்தாள்.
சிக்கெடுக்காத நூல்கண்டைப் பொரித்து
சர்க்கரை தூவிய மாதிரி.
தேன்குழல் என்றேன்.
மூன்று முறை சொல்லிப் பார்த்து
மூன்று முறையும் 'ழ'வில் வழுக்கினாள்.
அவள் சொன்ன பெயரில் நான்
கடைசி எழுத்தில் விழுந்தேன்.
சமம்.

எல்லார் தலையிலும் வெள்ளைத் தொப்பி, கறுப்பு விளிம்பு.
பள்ளிக் கடைசிப் பரீட்சை தேறியவர்கள் அணிவதாம்.
டௌனோவுடையது
பழைய பியானோக் கட்டைபோல் மஞ்சளித்திருந்தது.
"நீ பாஸா?"
இருபத்திரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.
வேதியியலில் நாலு மார்க்கில் போனது,
அக்டோபரில் மறுபடி எழுதித்தான் தேறினேன் என்று
ஏனோ உண்மையைச் சொல்லிவிட்டேன்.
மேஜை கலந்து ஆலோசித்தது, அவர்கள் மொழியில்.
பிறகு தீர்ப்பு:
"அக்டோபரும் கணக்குத்தான்."
தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார் டௌனோ.
சின்னது. உள்ளே இறங்காமல்
கிண்ணம் கவிழ்த்தாற்போல் மேலேயே நின்றது.
கை தட்டினார்கள். எண்பது வயசுக் கைகள்,
ஓசை குறைவு, நேரம் அதிகம்.
அந்த அக்டோபரில் வீட்டில் ஒரு சாக்லேட்கூட வாங்கவில்லை.
காப்பி சூடு என்று சொல்லிக்கொண்டு
கண்ணைத் துடைத்தேன்.

மறுநாள் வண்டி உறுமியதும்
ரைலி ஒரு பாட்டிலோடு வந்தாள்.
எலுமிச்சை, பழுப்புச் சர்க்கரை, துளி ஈஸ்ட்,
அடியில் ஐந்து உலர் திராட்சை.
"திராட்சை மேலே வந்தால் தயார்.
அதுவரை தொடாதே. மூடியை இறுக்காதே,
வெடிக்கும்."

பின்னால் இருபத்தாறு பாலட் நாய்த்தீனி,
வலப்பக்கம் பனிக்கட்டி விலகாத ஏரி,
பக்கத்து சீட்டில், பெல்ட் மாட்டி, பாட்டில்.
நிப்பிகனில் ஐந்தும் அடியில் கிடந்தன.
சட்டைக் காலரிலிருந்து
ஊதா நிறக் காகிதச் சுருள் ஒன்று விழுந்தது.
மாரத்தானில் ஒரு திராட்சை
புரண்டு படுத்தது.

பிறகு வாவா என்று ஓர் ஊர்.
இந்த நெடுஞ்சாலையில்
தமிழில் கூப்பிடுகிற ஊர் அது ஒன்றுதான்.
டீசல் போட நிறுத்தினேன்.
ஒரு திராட்சை மெல்லக் கிளம்பிக்
கழுத்துவரை வந்து
என்ன நினைத்ததோ
மறுபடி கீழே போனது.

டாங்க் நிறைந்துவிட்டது.
பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான்.
இருடா,
இன்னொன்று அசைகிறது.