தக்க

சொல்லுக்குப் பதினெட்டுச் சதம்.
ஒட்டி எழுதினால் ஒரு சொல், பிரித்தால் இரண்டு.
'மறுசுழற்சி செய்யத்தக்க' என்று
நான் இடைவெளி விட்டது
இலக்கணத்துக்காக மட்டும் இல்லை.

துண்டுப்பிரசுரம் நாலு பக்கம்.
அனுப்பியது பிளாஸ்டிக் உற்பத்தியாளர் மன்றம்.
ஸ்காபரோவில், மார்க்கம் ரோட்டுக் கட்டடங்கள் பதினொன்றுக்குத்
தமிழிலும் உருதுவிலும் தகலோக்கிலும் போகிறதாம்.
முன்பக்கத்தில் ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள்.
அவற்றுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை,
காசும் இல்லை.

இரவு ஒன்பதுக்கு மேல்தான் இந்த வேலை.
மேசையில் கொத்து ரொட்டி வந்த கறுத்தப் பெட்டி,
மூடியில் எண்ணெய்.
அடியைத் தடவினால் ஒரு சின்ன முக்கோணம், அதற்குள் ஐந்து.

'தக்க' என்றால் முடியும் என்பது பாதி,
தகுதி என்பது மீதி.
நம்பத்தக்க ஆள். மதிக்கத்தக்க ஆள்.
பெட்டிக்கும் அந்த மரியாதையைக் கொடுத்துவிட்டு
இரண்டாம் பக்கம் போனேன்.

அங்கே, சேகரிக்கப்படும், தரம் பிரிக்கப்படும்,
புதிய பொருளாக்கப்படும்.
யாரால் என்று இல்லை.
எப்போது என்றும் இல்லை.
எல்லா வினையின் வாலிலும் ஒரு 'படும்'
பட்டுக்கொண்டே இருந்தது.

'சுழல் பொருளாதாரம்' மூன்று இடத்தில் வந்தது.
ஆளை இழுத்து அமுக்குவதும் சுழல்தானே என்று
வட்டம் ஆக்கினேன்.
செக்குமாடும் வட்டத்தில்தான் போகிறது.
அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மெரடித்துக்கு மின்னஞ்சல் போட்டேன்:
செய்யத்தக்க வேறு, செய்கிற வேறு;
இந்தக் கறுப்பை எங்கள் நகரத்தில் எடுக்கிறார்களா?
தரம் பிரிக்கிற இடத்தில் இரவு ஷிஃப்ட் நிற்கிற கபிலேஷ்
இயந்திரத்தின் கண்ணுக்குக் கறுப்புத் தெரியாது என்கிறான்.
பெல்ட்டும் கறுப்பு, பெட்டியும் கறுப்பு,
ஒன்றுமில்லை என்று விட்டுவிடுமாம்.
மிச்சத்தைக் கட்டி எங்கோ ஏற்றுகிறார்களாம்,
எங்கே என்று அவன் கேட்டதில்லை.

பதில் காலையில் வந்தது, அன்பாக:
நல்ல கேள்வி. தொனி மட்டும் நம்பிக்கையாக இருக்கட்டும்.

கடைசிப் பக்கம் மாகாண உறுப்பினருக்கு ஒரு கடிதம்,
கையெழுத்துக்குக் கோடு போட்டு.
பைக்கும் பெட்டிக்கும் வரவிருக்கிற தடையை
அவர் எதிர்க்க வேண்டும்.
ஆங்கிலத்தில் அந்த வாசகம் நொண்டியது.
நான் எழுதினேன்:
தடை வேண்டாம், தீர்வு வேண்டும்.
நாலு சொல். எழுபத்திரண்டு சதம்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக இருந்தது.
இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்:
நன்றாக இருந்தது.

மாசியில் லிஃப்டுக்குள் ஒட்டினார்கள்.
வாசித்து முடிக்குமுன் பதினாலாம் மாடி வந்துவிட,
உதயமலர் அக்கா கதவைக் கையால் மறித்து நின்று
மிச்சத்தையும் வாசித்தார்.
"ஆரோ விஷயம் தெரிஞ்ச ஆள் எழுதியிருக்கு."
நான் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேற்றுக் குப்பை அறையில் அவரைக் கண்டேன்.
கையில் ஒன்பது கறுத்தப் பெட்டி,
சுடுதண்ணீரில் கழுவி, துவாயால் ஈரம் துடைத்து,
மூடி வேறு பெட்டி வேறாக அடுக்கி.
விரல் நுனிகள் சுருங்கியிருந்தன.
"நீலத்துக்குள்ளதானே?"

சுவரில் என் தமிழ் இருந்தது,
அழுத்தம் திருத்தமாக.
கபிலேஷ் சொன்னது என் வாயில் இருந்தது.
எங்கோ மேலிருந்து ஒரு போத்தல் குழாய்க்குள்
மாடி மாடியாக இடித்துக்கொண்டு இறங்கியது.
அது விழுந்து முடியும்வரை
இருவரும் கதைக்கவில்லை.

பிறகு சொன்னேன்:
போடத்தக்கது, அக்கா.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.
"அப்ப போடலாமோ, போடக்கூடாதோ?"