பொழுது சாயாத விளக்கு

தொரப்பாடி குவார்ட்டர்ஸில் எங்களுக்கு முன்பிருந்தவர்கள்
விட்டுப்போனவை ஏழு.
முருங்கையடியிலும் வேலியோரமும்
தலை சாய்ந்து நின்றன சோலார் விளக்குகள்.

பித்தளைக்குப் போடும் புளி இதற்கு ஆகாது.
பேஸ்ட் தொட்டுத் தேய்த்தேன்.
கஞ்சி படிந்தாற்போல் மங்கிய தகடு
மூன்றாவது துணியில் மேகத்தைக் காட்டியது.
ஒன்றுக்குள் எறும்புகள், முட்டைகளோடு.
அதை மட்டும் இரண்டு நாள் மாடியில் கிடத்தினேன்.
தாமாகவே காலி செய்தன.
வேலூர் வெயிலுக்கு யார்தான் செய்யமாட்டார்கள்.

ஸ்பிரிங்கில் பச்சைத் துரு.
பிழிந்த எலுமிச்சை மூடி, பழைய பிரஷ்.
லாங் பஜார் கடைக்காரர் இருமுறை கேட்டார்:
"சார்ஜ் ஏறுற பேட்டரிதானேம்மா?
சாதா போட்டுடப் போறீங்க."

எரிகிறதா என்று பார்க்க
நட்டநடுப் பகலில்
உள்ளங்கையால் தகட்டை மூட வேண்டும்.
கையகல இருட்டு போதும் அதற்கு.
ஏழு முறை மூடினேன்.
ஏழும் எரிந்தன.

ராத்திரி ஆறுதான்.
மதிலோரம் நட்டது மட்டும் சும்மா நின்றது.
கழற்றினேன், ஊதினேன், மாட்டினேன்,
தலையில் ஒரு தட்டும் தட்டினேன்.

நாலு மணிக்கு டியூட்டி முடிந்து வந்த அற்புதராஜ்
தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்த்தார்.
விளிம்பில் வெளிச்சம் கசிந்தது.
"ஜெயில் லைட்டு இந்தாண்ட வரைக்கும் அடிக்குது.
இதுக்கு இன்னும் பொழுதே சாயல."

சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

அந்தாண்டையில்
கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு
எத்தனை பேர் புரள்கிறார்களோ.

காலையில் இடம் மாற்றி நடலாம்.
அதுவரை
தொப்பியை நான் எடுக்கவில்லை.